உங்கள் தெருவுக்கு வெள்ள வரைபடம் உண்டா?

மழைநீர் பள்ளத்தை நோக்கி ஓடும். இதைச் சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. தொடக்கப் பள்ளிக் குழந்தையே சொல்லிவிடும். ஆனால் உங்கள் பகுதியில் எது மேடு, எது பள்ளம்? உங்கள் வீட்டு வாசற்படி தெருமுனையைவிட எத்தனை சென்டிமீட்டர் உயரம்? உங்கள் தெருவில் விழும் மழை எந்த வாய்க்காலில் சேர்ந்து, எந்தக் கண்மாயை அடைந்து, எங்கே ஆற்றில் கலக்கிறது? இக்கேள்விகளுக்குச் சட்டென்று விடை கூறக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

மனை வாங்குகிறவர் பத்திரம் பார்க்கிறார், வில்லங்கச் சான்று பார்க்கிறார், வாஸ்துகூடப் பார்க்கிறார். பெரும்பாலும் வெயில் காலத்தில், நிலம் காய்ந்து கிடக்கும்போது பார்க்கிறார். ஐப்பசி அடைமழையில் அந்த இடம் எப்படியிருக்கும் என்று கேட்பதில்லை. அதைச் சொல்வதற்கென்றே ஓர் ஆவணம் உண்டு. வெள்ள அபாய வரைபடம் என்பது அதன் பெயர். அது எப்படித் தயாராகிறது, எங்கே கிடைக்கும், எந்த அளவுக்கு அதை நம்பலாம் என்பவற்றை, மதுரைக் காளவாசல் பகுதியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் காண்போம்.

இரண்டு வகை வெள்ளம்

காளவாசல் சந்திப்பில் நிற்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு வடக்கே வைகை. தெற்கே மாடக்குளம் கண்மாய். இடையே, துவரிமான் பக்கத்திலிருந்து வந்து நகருக்குள் நுழையும் கிருதுமால் நதி. இன்று அதைப் பார்ப்பவர்கள் நதி என்று சொல்ல மாட்டார்கள். சாக்கடைக் கால்வாய் என்பார்கள். ஆனால் மழைநீருக்கு நாம் வைத்த பெயர் தெரியாது. பழைய பாதைதான் தெரியும்.

இத்தகைய இடத்துக்கு இரண்டு வகையில் வெள்ளம் வரலாம். முதல் வகை ஆற்று வெள்ளம். மேற்கே மலைப்பகுதிகளில் பெருமழை பெய்து, வைகையில் நீர் பெருகிக் கரையோரப் பகுதிகளில் புகுவது இது. 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது முதல் எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுக்கப்படுகின்றன. அணைக்கும் மதுரைக்கும் இடையே சுமார் 70 கிலோமீட்டர் இருப்பதால், திறந்துவிட்ட நீர் நகரை அடையப் பல மணி நேரம் ஆகும். ஆகவே இவ்வகை வெள்ளம் பெரும்பாலும் சொல்லிவிட்டு வரும் விருந்தாளி.

இரண்டாம் வகை, சொல்லாமல் வருவது. ஊரின் தலைக்கு மேலேயே மழை கொட்டி, வாய்க்கால்கள் தாங்காமல், கண்மாய்கள் மறுகால் பாய்ந்து, தெருக்களுக்குள் நீர் நுழைவது மழை வெள்ளம். 2024 அக்டோபர் 25-ஆம் நாள் மதுரையில் நடந்தது இதுதான். அன்று நகரில் 9.8 செ.மீ. மழை பதிவாயிற்று. செல்லூர்க் கண்மாயின் நீரும் பந்தல்குடி வாய்க்காலின் நீரும் செல்லூர், கட்டபொம்மன் நகர் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தன. வைகை கரை உடைத்துக்கொண்டு வந்த வெள்ளம் அன்று அது. வானிலிருந்து நேராக விழுந்த நீர்தான்.

இந்த இரண்டும் ஒன்றுசேரும் நாள்தான் மிகக் கொடியது. வாய்க்கால் நீர் ஆற்றில் விழ வேண்டுமானால், ஆற்றின் நீர்மட்டம் வாய்க்காலின் மட்டத்தைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். ஆறு நிரம்பி ஓடும்போது வாய்க்காலின் வாய் அடைபட்டதுபோல் ஆகிவிடும். சில வேளை ஆற்று நீரே வாய்க்காலுக்குள் திரும்பி ஏறும். ஆற்றிலிருந்து தொலைவில் இருக்கிறோம் என்ற நிம்மதி அன்று செல்லாது.

கால் மணி நேரக் கணக்கு

9.8 செ.மீ. என்றால் சாண் உயரம்கூட இல்லையே, இதற்கா இத்தனை அமர்க்களம் என்று தோன்றலாம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் 1 செ.மீ. மழை விழுந்தால் அது 10,000 கன மீட்டர், அதாவது 1 கோடி லிட்டர் நீர். அன்றைய மழையில் சுமார் 4.5 செ.மீ. பிற்பகலில் கால் மணி நேரத்துக்குள் கொட்டியதாக அப்போது அறிவிக்கப்பட்டது. அப்படியானால் ஒவ்வொரு சதுர கிலோமீட்டரிலும் கால் மணி நேரத்தில் 4.5 கோடி லிட்டர்! 10,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகளில் நிரப்பினால் 4,500 லாரிகள்.

இதையே வினாடிக் கணக்கில் பார்த்தால் வினாடிக்கு 50 கன மீட்டர். நமக்குப் பழக்கமான அளவில் ஏறத்தாழ 1,765 கன அடி. வைகை அணையிலிருந்து இருபோக நிலங்களின் முதல் போகத்துக்குத் தொடக்கத்தில் வினாடிக்கு 900 கன அடி நீர் திறப்பது வழக்கம். அதைப்போல் இரு மடங்கு நீர், ஒரே ஒரு சதுர கிலோமீட்டர் நகரப் பரப்பில் அந்தக் கால் மணி நேரம் விழுந்திருக்கிறது.

விழும் நீரெல்லாம் ஓடுவதில்லை. தோட்டமும் வெற்று மண்ணும் கணிசமான பங்கைக் குடித்துவிடும். சிமெண்டுத் தளமும் தார்ச்சாலையும் பத்தில் எட்டு, ஒன்பது பங்கை அப்படியே வழியவிடும். மழை மாறாவிட்டாலும் நகரம் வளர வளர வெள்ளம் வளர்வதன் காரணம் இதுவே. எனவே, இருபது ஆண்டுகளுக்கு முன் வரைந்த வெள்ள வரைபடம் இன்றைய நகருக்கு அப்படியே பொருந்தாது. வரைபடத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்க்க வேண்டியது அதன் ஆண்டு.

வரைபடம் எப்படித் தயாராகிறது?

வெள்ள வரைபடம் இரு வழிகளில் உருவாகிறது. ஒன்று, முன்பு வந்த வெள்ளத்தைப் பதிவு செய்வது. மற்றொன்று, இனி வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கிடுவது.

கணக்கிடும் முறையில் நான்கு படிகள் உள்ளன. பல ஆண்டு மழைப் பதிவுகளிலிருந்து எவ்வளவு பெருமழை வரக்கூடும் என்று மதிப்பிடுகிறார்கள். அதில் எவ்வளவு வழிந்தோடும் என்று நிலத்தின் தன்மையைக் கொண்டு கணிக்கிறார்கள். ஆறு அல்லது வாய்க்காலின் அகலம், ஆழம், சரிவு ஆகியவற்றைக் கொண்டு அந்த நீர் எந்த மட்டம்வரை ஏறும் என்று காண்கிறார்கள். கடைசியாக, அந்த மட்டத்தை நிலத்தின் உயரங்களோடு ஒப்பிட்டு, அதற்குத் தாழ்ந்த இடங்களுக்கு வண்ணம் தீட்டுகிறார்கள்.

இவ்வகைப் படங்களில் "நூறாண்டு வெள்ளம்" என்ற சொல் அடிக்கடி வரும். இது பலரை ஏமாற்றிவிடும் சொல். போன ஆண்டு வந்துவிட்டது, இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்பது அதன் பொருளன்று. நம் முன்னோரின் குடவோலை முறையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடத்தில் நூறு ஓலைகள். ஒன்றில் மட்டும் "வெள்ளம்" என்று எழுதியிருக்கிறது. ஆண்டுக்கு ஒரு முறை ஓர் ஓலையை எடுத்துப் பார்த்து, மீண்டும் குடத்திலேயே போட்டுவிடுகிறோம். சென்ற ஆண்டு அந்த ஓலை வந்திருந்தாலும் இந்த ஆண்டும் அது வரலாம். வீட்டுக் கடன் கட்டி முடியும் 30 ஆண்டுகளுக்குள் ஒரு முறையாவது அது வருவதற்கான வாய்ப்பு எவ்வளவு தெரியுமா? ஒவ்வோர் ஆண்டும் தப்பும் வாய்ப்பு 0.99. அதை 30 முறை பெருக்கினால் 0.74. ஆகவே மாட்டிக்கொள்ளும் வாய்ப்பு 26 சதவீதம். நான்கில் ஒன்றுக்குச் சற்று மேல்!

அடுத்துப் பார்க்க வேண்டியது ஆழம். சில படங்கள் நீர் எதுவரை பரவும் என்பதை மட்டும் காட்டும். நல்ல படங்கள் ஆழத்தையும் காட்டும். இந்த வேறுபாடு உயிர் சம்பந்தப்பட்டது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைக் கொண்டு பாருங்கள். ஒரு சிறிய காரின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். எடை சுமார் 900 கிலோ. அடித்தளத்துக்கு மேல் 15 செ.மீ. நீர் ஏறினால் விலக்கப்படும் நீரின் எடை 900 கிலோ ஆகிவிடும். அதாவது, முழங்காலுக்குக் கீழேயுள்ள நீரிலேயே கார் மிதக்கத் தொடங்கிவிடலாம். மணிநகரம் கர்டர் பாலம் போன்ற தாழ்வான பாலங்களின் அடியில் நீர் தேங்கியிருக்கும்போது, "சக்கரம்தானே முழுகியிருக்கிறது" என்று வண்டியை இறக்குவது எவ்வளவு ஆபத்து என்பது இக்கணக்கிலிருந்து விளங்கும்.

வானத்துக் கண்ணும் அதன் குறையும்

வந்த வெள்ளத்தைப் பதிவு செய்யும் வேலையை இன்று பெரும்பாலும் செயற்கைக்கோள்கள் செய்கின்றன. வெள்ள நாட்களில் வானமெங்கும் மேகம். சாதாரண நிழற்படக் கருவியால் பயனில்லை. எனவே மேகத்தை ஊடுருவும் ரேடார் அலைகளைப் பயன்படுத்துகிறார்கள். 2022 பிப்ரவரியில் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் ஏவிய இ.ஓ.எஸ்.-04 இத்தகைய ரேடார் செயற்கைக்கோளே.

இதன் தத்துவத்தை வீட்டிலேயே பார்க்கலாம். இருட்டறையில் டார்ச் விளக்கைச் சாய்வாகப் பிடித்து ஒரு கண்ணாடியின் மேல் அடியுங்கள். ஒளி எதிர்ப்பக்கம் போய்விடும். நீங்கள் நிற்குமிடத்திலிருந்து பார்த்தால் கண்ணாடி கறுப்பாகவே தெரியும். சொரசொரப்பான சுவரில் அடித்தால் ஒளி எல்லாப் பக்கமும் சிதறி உங்களிடமும் திரும்பும். அசையாத நீர்ப்பரப்பு ரேடாருக்குக் கண்ணாடி போன்றது. ஆகவே படத்தில் நீர் கறுப்பாகவும் நிலம் வெளிறியும் விழும்.

பரந்த வயல்வெளியில் நாட்கணக்கில் நிற்கும் வெள்ளத்தை இது அருமையாகக் காட்டும். நகரத் தெருவில் நிலைமை வேறு. தெருநீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதித் திரும்பிவிடுவதால், நீருள்ள தெருவும் வெளிச்சமாகவே தெரியக்கூடும். மேலும், ஒரு செயற்கைக்கோள் அதே இடத்துக்கு மேல் மீண்டும் வரச் சில நாட்கள் ஆகும். பிற்பகலில் ஏறி நள்ளிரவில் வடிந்துவிடும் வெள்ளம் அதன் கண்ணில் படாமலே போகலாம்.

நில உயரத்திலும் இதே சிக்கல்தான். 2000 பிப்ரவரியில் அமெரிக்க விண்வெளி ஓடமான எண்டவர் ரேடார் கொண்டு உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 சதவீதத்தின் உயரங்களை அளந்தது. இன்றும் பல வெள்ளக் கணிப்புகளுக்கு அடிப்படை அந்த அளவீடே. ஆனால் அதில் சில மீட்டர் பிழை உண்டு. கூரைகளும் மரங்களும்கூட நிலமாகக் கணக்கில் சேர்ந்துவிடும். மதுரை போன்ற சமவெளியில் வெள்ளம் வருமா வராதா என்பதை முடிவு செய்வது அரை மீட்டர் வேறுபாடு. மூட்டை தூக்கும் தராசில் தங்கம் நிறுக்க முடியுமா?

ஆகவே ஒன்றை உறுதியாக நினைவில் கொள்ளுங்கள்: வரைபடத்தில் உங்கள் தெருவுக்கு வண்ணம் இல்லையென்றால், அங்கே வெள்ளம் வராது என்று பொருளன்று. யாரும் அங்கே சரியாக அளக்கவில்லை என்றும் பொருளாகலாம்.

எங்கே கிடைக்கும்?

இக்குறைகள் இருந்தாலும், கிடைக்கும் படங்களைத் திரட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தால் உண்மை பெருமளவு புலப்படும். தேட வேண்டிய இடங்கள் இவை.

முதலாவது, மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டம். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டமும் இதைத் தயாரிக்க வேண்டும். வெள்ளத்தால் பாதிக்கப்படக்கூடிய இடங்களின் பட்டியல் இதில் இருக்கும். மாவட்ட இணையத்தளத்தில் தேடலாம். இல்லையேல் ஆட்சியர் அலுவலகத்தில் கேட்கலாம். தமிழகம் முழுவதிலும் இவ்வாறு 4,399 இடங்களை அடையாளம் கண்டு, மிக அதிகம், அதிகம், நடுத்தரம், குறைவு என நான்கு வகையாகப் பிரித்து மாநில அரசு பட்டியலிட்டது. அவற்றில் 321 இடங்கள் மிக அதிக அபாயமுள்ளவை.

இரண்டாவது, ஐதராபாத்திலுள்ள தேசியத் தொலையுணர்வு மையத்தின் "புவன்" இணையத்தளம். 2009 முதல் இயங்கும் இத்தளத்தில் செயற்கைக்கோள் கண்ட வெள்ளப் பகுதிகளைக் காணலாம். 1998 முதல் 2022 வரையிலான வெள்ளப் பகுதிகளைத் தொகுத்து இம்மையம் ஒரு நிலப்படத் தொகுதியையும் வெளியிட்டிருக்கிறது.

மூன்றாவது, இந்திய நில அளவைத் துறையின் இடவிளக்கப் படம். 1:50,000 அளவில் அமைந்த பழைய வரிசையில் மதுரைக்கு உரிய தாளின் எண் 58 கே/1. கண்மாய்களும் ஓடைகளும் நீல நிறத்தில் இருக்கும். பழுப்பு நிறக் கோடுகள் சமஉயரக் கோடுகள். இரு கோடுகளுக்கு இடையே பெரும்பாலும் 20 மீட்டர் உயர வேறுபாடு இருப்பதால் தெருவின் பள்ளத்தை இதில் காண முடியாது. ஆனால் எந்தக் கண்மாயின் மறுகால் எந்தக் கண்மாய்க்குப் போகிறது என்னும் சங்கிலித் தொடரை இதைப்போல் காட்டும் படம் வேறில்லை.

நான்காவது, வருவாய்த் துறையின் கிராம வரைபடமும் "அ" பதிவேடும். உங்கள் நிலத்தின் அண்டையில் உள்ள புல எண்கள் கண்மாய், ஓடை, வாய்க்கால் என்று பதிவாகியிருக்கின்றனவா என்பது இதில் தெரியும். இன்று அங்கே நீர் இல்லாமல் இருக்கலாம். மழை நாளில் நீர் தேடி வரும் இடம் அதுவாகவே இருக்கும்.

இவற்றோடு, மத்திய நீர்வள ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட "ஃப்ளட்வாட்ச் இந்தியா" என்ற கைப்பேசிச் செயலியில் ஆறுகளின் அப்போதைய நீர்மட்டங்களை அறியலாம். அவசர உதவிக்கு மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1070.

பெயரும் ஒரு வரைபடம்

காசு செலவில்லாத வரைபடம் ஒன்று நம் நாவிலேயே இருக்கிறது. தல்லாகுளம், பீபிகுளம், ஆத்திகுளம், மாடக்குளம் ஆகிய பெயர்களைச் சொல்லிப் பாருங்கள். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004-ல் அமைந்த இடத்தின் பெயர் உலகனேரி. குளமும் ஏரியும் பெயரில் நிற்கின்றன. காளவாசல் என்பது சூளையைக் குறிக்கும் சொல். செங்கல் சூளையென்றால் மண் அருகில் கிடைத்திருக்க வேண்டும். நல்ல களிமண் சேரும் இடம் பெரும்பாலும் நீர் நின்ற இடமே. இது சான்றன்று, ஒரு குறிப்பு மட்டுமே. குறிப்பைப் பிடித்துக்கொண்டு போய்ப் படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பதுதான் அறிவியல்.

நீங்களே அளக்கலாம்

செயற்கைக்கோளுக்கு எட்டாத சென்டிமீட்டர் வேறுபாட்டை நம் ஊர்க் கொத்தனார் சுலபமாக அளந்துவிடுகிறார். ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயில் நீர் நிரப்பி அவர் மட்டம் பார்ப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இணைந்த குழாய்களில் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும் என்ற விதியே இதன் அடிப்படை.

15 அல்லது 20 மீட்டர் நீளமுள்ள குழாயும், இரண்டு அளவுகோல்களும், நான்கு நண்பர்களும் போதும். பள்ளிக்கூடத் திண்ணை போன்ற அசையாத ஓரிடத்தை முதல் புள்ளியாகக் கொள்ளுங்கள். ஓர் அளவுகோலை அங்கும் மற்றொன்றைத் தெருவில் அடுத்த புள்ளியிலும் செங்குத்தாக நிறுத்தி, குழாயின் இரு முனைகளிலும் நீர்மட்டத்தைக் குறியுங்கள். முதல் புள்ளியில் 80 செ.மீ., அடுத்ததில் 95 செ.மீ. என்றால் அடுத்த புள்ளி 15 செ.மீ. பள்ளம். இப்படியே குழாயின் நீளம் நீளமாகத் தெருவைக் கடந்து செல்லலாம். குழாயினுள் காற்றுக் குமிழ் இருந்தால் கணக்குத் தவறும். அதை மட்டும் கவனியுங்கள். வந்த வழியே திரும்ப அளந்து, தொடங்கிய இடத்துக்கு அதே அளவு வருகிறதா என்று சரிபாருங்கள்.

பிறகு வீடு வீடாகக் கேளுங்கள். எந்த ஆண்டு, எதுவரை நீர் வந்தது? கணுக்காலா, முழங்காலா, இடுப்பா? எந்தப் பக்கத்திலிருந்து வந்தது? எத்தனை மணிக்கு ஏறி எப்போது வடிந்தது? சுவரில் கறை இருந்தால் அதன் உயரத்தை அளந்துகொள்ளுங்கள். 1993-ல் வைகை பெருகியதைக் கண்ட பெரியவர்கள் பலர் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் நினைவு எந்தத் தளத்திலும் ஏற்றப்படாத பதிவு. ஒருவர் சொன்னதை மூவரிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். இவற்றையெல்லாம் ஒரு தாளில் வரைந்து, முதலில் நீர் சேரும் இடம், கடைசிவரை நீர் ஏறாத இடம், அதற்குப் போகும் மேட்டு வழி ஆகிய மூன்றையும் மூன்று வண்ணங்களில் காட்டினால், உங்கள் தெருவின் வெள்ள வரைபடம் தயார். நகல் ஒன்றை மாநகராட்சியின் வார்டு அலுவலகத்துக்கும் கொடுங்கள். தூர்வார வேண்டிய வாய்க்கால் எது என்று பொதுவாக முறையிடுவதைவிட, அளவோடு காட்டுவதற்கு வலிமை அதிகம்.

படம் இருந்தும் பயனில்லாமல்

ஜப்பானில் குராஷிகி நகரைச் சேர்ந்த மாபி என்னும் பகுதியில் 2018 ஜூலையில் ஆற்றின் கரைகள் உடைந்து வெள்ளம் புகுந்தது. நீர் பரவிய பகுதி, நகராட்சி முன்கூட்டியே வெளியிட்டிருந்த அபாய வரைபடத்தோடு ஏறத்தாழ அப்படியே பொருந்தியது. கணிப்பு அவ்வளவு துல்லியம். ஆயினும் மாபியில் 51 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள்; பலர் தங்கள் வீட்டுக் கீழ்த்தளத்திலேயே மாண்டனர்.

வரைபடம் தானாக எவரையும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்ததைப் பேசியிருக்க வேண்டும். நீர் ஏறினால் எந்த வீட்டுப் பாட்டியை யார் கைபிடித்து எந்த மாடிக்கு அழைத்துப் போவது என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். தாழ்ந்த இடங்களில் குடியிருப்பவர் பலர் வேறிடம் போக வசதியில்லாதவர்கள். அவர்கள் வீட்டு வாசலில்தான் வெள்ளம் முதலில் கால் வைக்கும். வரைபடமும் முதலில் அவர்கள் கைக்குத்தான் போய்ச் சேர வேண்டும்.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கென ஒதுக்குங்கள். மாடக்குளம் கண்மாய் நிரம்பினால் அதன் மறுகால் நீர் எந்த வழியே, எந்தத் தெருக்களைத் தொட்டுப் போகும் என்று 58 கே/1 தாளை வைத்துக்கொண்டு நடந்தே பாருங்கள். வேறு ஊர் வாசகர்கள் தங்கள் ஊர்க் கண்மாயை எடுத்துக்கொள்ளலாம். விடை புத்தகத்தில் இல்லை, தெருவில் இருக்கிறது.